யாரும் மதிக்காத பழைய பிஎம்எக்ஸ்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே எப்போதும் இரண்டு மூன்று சின்னச் சைக்கிள்கள் தலைகீழாக நிற்கும். படலையால் எட்டிப் பார்க்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பாதி பதில் சொல்வதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. அதனால் எழுதி வைத்தேன்.

அண்ணை, இருபது இஞ்சிச் சைக்கிள் எல்லாமே பிஎம்எக்ஸ்தானே? அதில் என்ன பழையது, புதியது?

எங்கள் ஊர்ப் பேச்சில் அப்படித்தான். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கிற சின்னச் சைக்கிள், பக்கச் சில்லு பூட்டியது, எல்லாமே பிஎம்எக்ஸ். ஆனால் அந்தப் பெயர் ஒரு விளையாட்டின் பெயர். பைசிக்கிள் மோட்டோகிறாஸ் என்பதன் சுருக்கம் அது. கடைசி எக்ஸைக் குறுக்குக் கோடாக எடுத்து ‘கிறாஸ்’ என்று வாசிக்க வேண்டும்.

1963-இல் அமெரிக்காவின் ஷுவின் கம்பனி ஸ்டிங்-ரே என்று ஒரு இருபது இஞ்சிச் சைக்கிளை இறக்கியது. நீள சீற், உயர்ந்த ஹாண்டில். 1970 அளவில் தெற்குக் கலிபோர்னியாப் பொடியன்கள் அதை மண்மேட்டுக்குக் கொண்டுபோய், மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர் மாதிரி பாய விட்டார்கள். ஸ்கொட் பிரைட்ஹாப்ட் என்ற பொடியன் அங்கே லோங் பீச்சில் ஒரு வெறும் காணியில் மற்றப் பொடியன்களைச் சேர்த்துப் பந்தயம் வைத்தான். பாய்ந்த சைக்கிள்கள் உடைந்தன. முன்சில்லைப் பிடிக்கிற ஃபோர்க் வளைந்தது, சில்லு எட்டுப் போல நெளிந்தது. உடையாத சைக்கிள் செய்ய வேண்டும் என்று சிலர் கராஜுக்குள் வெல்டிங் பிளான்டோடு இறங்கினார்கள். பிஎம்எக்ஸ் கம்பனிகள் பலவற்றின் கதை அப்படித்தான் தொடங்குகிறது.

சேகரிப்பவர்கள் 1970-களின் நடுவில் இருந்து ஏறத்தாழ 1987 வரை வந்ததைப் ‘பழைய பள்ளி’ என்கிறார்கள். அதற்குப் பிறகு 90-கள் முழுவதும் ‘நடுப் பள்ளி’. கோடு எங்கே விழுகிறது என்று சண்டை பிடிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். நான் அதற்குள் போவதில்லை.

எங்கள் பக்கத்தில் ஏன் அதற்கு மதிப்பே இல்லை?

கரியர் இல்லை. முதல் காரணம் அதுதான்.

வன்னியில் சைக்கிளின் மதிப்பு அது எவ்வளவு சுமக்கும் என்பதில் இருந்தது. நெல் மூட்டை, விறகுக் கட்டு, தண்ணீர்க் கான், பின்னால் மனுசி, முன்பாரில் பிள்ளை. இடம்பெயரும்போது வீடே கரியரில் ஏறிப் போனது. அந்தக் கண்ணால் பிஎம்எக்ஸைப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத சாமான். ஒரு ஆள் ஏறலாம், அவ்வளவுதான். பாடசாலை வாசலில் முன்சில்லைத் தூக்கி ஓடுகிற பொடியன்களால் ‘காவாலிச் சைக்கிள்’ என்ற பெயரும் சேர்ந்தது. பிறகு மலிவுச் சாமான் வந்து குவிந்தது. பிஎம்எக்ஸ் வடிவம் மட்டும் இருக்கும், தூக்கினால் அம்மி மாதிரிக் கனக்கும், ஆறு மாதத்தில் பெடல் கழரும். அந்தக் கெட்ட பெயர் நல்லதற்கும் ஒட்டிக்கொண்டது.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. 1990-இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு நாங்கள் சைக்கிளிடம் எதை எதிர்பார்த்தோம்? பெற்றோல் இல்லை, மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடியது. பற்றரி இல்லை, சைக்கிளைத் தலைகீழாக்கிக் கையால் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டோம். ரயர் தேய்ந்தால் உள்ளே இன்னொரு ரயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓடினோம். சாமான் குறைவாக இருக்க வேண்டும், இரும்பாக இருக்க வேண்டும், ஒரு ஸ்பனரும் சுத்தியலும் இருந்தால் முடிகிற வேலையாக இருக்க வேண்டும். இதுதான் எங்கள் அளவுகோல். பழைய பிஎம்எக்ஸ் இந்த மூன்றிலும் தேறும். கியர் இல்லை, சஸ்பென்ஷன் இல்லை, வயர் ஒன்றோ இரண்டோ. கரியரை மட்டும் பார்த்து அதைத் தள்ளி வைத்துவிட்டோம்.

அப்படி என்ன கவர்ச்சி? எனக்குப் பார்த்தால் துருப்பிடித்த சின்னச் சைக்கிள்தான் தெரிகிறது.

என் தலைமுறை இருபத்தெட்டு இஞ்சிச் சைக்கிளில், பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டு, உடம்பைக் கோணலாக்கி ஓடிப் பழகியது. எங்கள் ஒழுங்கையில் முதல் பிஎம்எக்ஸ் சவூதியில் வேலை பார்த்த ஒருவர் தன் மகனுக்கு அனுப்பியது. ஒரு ரவுண்டுக்கு ஒரு மாங்காய் என்று அவன் வாடகைக்கு விட்டான். முதல் தடவை ஏறி இருந்தபோது இரண்டு காலும் தரையில் முட்டின. சைக்கிள் என் அளவில் இருந்தது. அதுவரைக்கும் நான் ஓடியதெல்லாம் அப்பாவின் சைக்கிள்.

சரி, அது நினைவு. சைக்கிளாகவே பார்த்தாலும் விஷயம் இருக்கிறது. சில்லு சிறியது, கம்பி குட்டை, அதனால் விறைப்பு. பிறேம் சிறிய முக்கோணம், அதனால் முறுக்காது. இரணைமடுக் குளக்கட்டின் கிரவலில் ஒரு பெரிய சைக்கிள் கடகடவென்று ஆடும் இடத்தில் இது கல்லைக் கல்லாகத் தாண்டிப் போகும். உதறல் கைக்கு வரும், ஆனால் தடம் மாறாது. ஹாண்டிலைத் திருப்பினால் ஆட்டுக்குட்டி மாதிரி அந்த இடத்திலேயே திரும்பும்.

பெயர் போன சைக்கிள்கள் எவை? குறைத்து மதிக்கப்படுகிறவை எவை?

பெயர் போனவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொங்கூஸ் 1974-இல் கம்பியில்லாத வார்ப்புச் சில்லோடு தொடங்கியது. ரெட்லைன் குழாயால் செய்த ஃபோர்க்குக்கும், பெடல் பூட்டுகிற கையான கிறாங்குக்கும் பெயர் எடுத்தது. பிரைட்ஹாப்டின் எஸ்இ ரேசிங் கம்பனி பிகே ரிப்பர் என்ற அலுமினியப் பிறேமைச் செய்தது, பெரி கிரேமர் என்ற ஓட்டக்காரரின் முதலெழுத்துகள்தான் அந்த பிகே. பொப் ஹாரோ பந்தய இலக்கத் தகடு செய்து விற்கத் தொடங்கி, வித்தைச் சைக்கிள்களில் முடித்தார். ஜிடி என்பது கேரி டர்னரின் பெயர். ஜப்பானின் ஒசாகாவில் இருக்கும் குவாஹாரா, 1982-இல் வந்த ஈ.டி. படத்தில் பொடியன்கள் ஓடிய சைக்கிளைச் செய்த கம்பனி. இவை எல்லாம் வெளிநாட்டில் நல்ல விலைக்குப் போகின்றன. எங்கள் பக்கம் தட்டுப்படுவது லொத்தர் விழுவது மாதிரி.

எனக்குப் பிடித்தவை வேறு. எங்கள் அப்பாமார் உயிராக வைத்திருந்த அதே றலி, 1982-இல் இங்கிலாந்தில் பர்னர் என்ற பெயரில் பிஎம்எக்ஸ் இறக்கியது. மேல் ரகங்களுக்குத்தான் இன்று அடிபாடு. சாதாரண பர்னர் கொஞ்சம் பாரம், ஆனால் நேரான, நேர்மையான சைக்கிள். லண்டனில் இருந்து சாமான் பெட்டியோடு வந்து சேர்ந்த ஒன்றை முல்லைத்தீவில் பார்த்தேன், கோழிக்கூட்டுக்குக் கதவாக நின்றது. அமெரிக்காவில் சூப்பர்மார்க்கெற்றில் விற்ற ஹஃபி, மர்ரே இரண்டையும் சேகரிப்பவர்கள் சிரித்துத் தள்ளுவார்கள். பாயவிட்டால் உடையும் என்பது உண்மை. ஓடித் திரிய என்ன குறை? டயமண்ட்பேக்கின் வைப்பர் அதே கம்பனியின் பெரிய ரகங்களுக்குப் பின்னால் மறைந்துபோனது. ஜிடியின் தங்கச்சிக் கம்பனி டைனோவின் 90-களின் சைக்கிள்கள் இன்னும் பழசு ஆகவில்லை என்று தள்ளப்படுகின்றன.

இவற்றை எல்லாம் விட, பெயரே தெரியாத தாய்வான், ஜப்பான் பிறேம்கள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் பெரிய பெயர்கள் பலவற்றுக்கும் தாய்வானில்தான் பிறேம் ஒட்டினார்கள். வெல்டிங் பிடித்த கைகளுக்கு எந்த ஸ்டிக்கர் மேலே வரப் போகிறது என்று தெரியாது. ஆகவே ஸ்டிக்கர் உரிந்த பிறேம் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது மூட்டுகளை.

ஸ்டிக்கர் இல்லை, பெயிண்ட் மேல் பெயிண்ட். நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதற்கு நேரம் எடுக்க வேண்டும். மத்தியான வெயிலில், நிழலுக்குள் இருந்து பார்க்காமல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள்.

முதலில் ஹாண்டில் குழாய்க்குப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கம். அந்த ஒரு சாண் இடத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள். பெயிண்டில் மயிரிழை மாதிரிச் சுருக்கமோ, குழாயில் ஒரு புடைப்போ தட்டுப்பட்டால், சைக்கிள் ஒருநாள் மதிலிலோ மாட்டிலோ நேரே மோதியிருக்கிறது. அதை வைத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு வடிவாக இருந்தாலும். பிறகு பக்கத்தில் நின்று ஃபோர்க்கைப் பாருங்கள். ஹாண்டில் குழாயின் சரிவும் ஃபோர்க் காலின் சரிவும் ஒரே கோட்டில் தொடங்க வேண்டும். கால் பின்னுக்கு மடிந்திருந்தால் அதே கதைதான்.

இரண்டாவது, பின் அச்சு உட்காரும் இடம். நல்ல பிறேமில் தடித்த தகடு வெட்டி, குழாயோடு வெல்ட் பண்ணியிருப்பார்கள். மலிவில் குழாய் நுனியையே நசித்து ஓட்டை போட்டிருப்பார்கள், அல்லது பிஸ்கற் தகரம் மாதிரி மெல்லிய தகடு. இந்த ஒரு இடம் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, சீற் குழாய். சீற்றைக் கழற்றி, உள்ளே சின்ன விரலை விட்டுச் சுற்றுங்கள். நீளவாக்கில் ஒரு மெல்லிய வரம்பு தட்டுப்பட்டால் அது தகட்டை உருட்டி ஒட்டின குழாய், மலிவு இரும்பு. வழவழவென்று இருந்தால் நல்ல அறிகுறி, குரோமோலியாக இருக்கலாம். குரோமோலி என்பதும் இரும்புதான். 4130 என்ற ரகத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு குரோமியமும் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவு மொலிப்டினமும் சேர்த்திருப்பார்கள். அந்தச் சிறிதளவு போதும், குழாயை மெல்லிசாக இழுத்தாலும் வலிமை குறையாது. அதனால்தான் பாரமும் குறைவு. காந்தம் வைத்து இதைக் கண்டுபிடிக்க ஏலாது, காந்தம் இரண்டிலும் ஒட்டும். ஒட்டாவிட்டால் அலுமினியம். அப்படி ஒன்று கையில் பட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு விலை பேசுங்கள்.

கடைசியாக ஒரு ஐந்து ரூபாக் குத்தியால் கிறாங்குக் குழாயின் அடியைச் சுரண்டுங்கள். பிறேம் இலக்கம் பெரும்பாலும் அங்கேதான் குத்தியிருக்கும், சிலதில் பின் அச்சுத் தகட்டில். நான்கு தட்டு பெயிண்ட் பொரிந்து விழுந்து, முதல் இலக்கம் தெரிகிற நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்த வேலையே பார்க்கிறேன்.

வருஷம் தெரிய வழி உண்டா?

பிறேமை விட அதில் பூட்டியிருக்கும் சாமான்கள் உண்மை பேசும். ஜப்பானின் ஷிமானோ கம்பனி செய்த சாமான்களின் பின்பக்கம் இரண்டு ஆங்கில எழுத்து குத்தியிருப்பார்கள். முதல் எழுத்து வருஷம், ஏ என்றால் 1976, பி என்றால் 1977, அப்படியே போக ஜி வரும்போது 1982. இரண்டாவது எழுத்து மாதம், ஏ தை மாதம், எல் மார்கழி. ஆகவே ‘ஜிசி’ என்றால் 1982 மார்ச். ஆனால் ஒரு சாமானை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். எங்கள் சைக்கிள்களில் ஒன்றின் கால் இன்னொன்றில் இருக்கும்.

சாமான் இங்கே கிடைக்குமா? வெளிநாட்டில் இருந்துதான் எடுக்க வேண்டுமா?

பாதிக்கு மேல் மல்லாவியிலோ பரந்தனிலோ இருக்கும் சாதாரண சைக்கிள் கடையில் எடுக்கலாம். மிச்சத்தில்தான் பொறி இருக்கிறது.

செயின் கவலையே இல்லை. பெரிய சைக்கிளின் அரை இஞ்சிக்கு எட்டிலொன்று செயின் அப்படியே பொருந்தும், நீளத்தை வெட்டினால் சரி. பின்சில்லில் செயின் ஓடுகிற பற்சக்கரமான பிறீவீலின் புரியும் பெரிய சைக்கிளோடு ஒன்றுதான். பல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குங்கள், பழைய பிஎம்எக்ஸில் வழக்கமாக 16 பல்.

ரயரில் கவனம். ஓரத்தில் 20 × 1.75 அல்லது 20 × 2.125 என்று தசமத்தில் எழுதியிருந்தால் அது 406 மில்லிமீற்றர் றிம்முக்கு. இன்று விற்கிற சின்னச் சைக்கிள்களின் ரயரும் இதுதான், எங்கேயும் கிடைக்கும். 20 × 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருந்தால் அது 451 மில்லிமீற்றர், வேறு உலகம். ஒன்றை மற்றதில் ஏற்றுகிறேன் என்று மண்வெட்டிப் பிடியால் நெம்பிய ஆட்களை எனக்குத் தெரியும்.

கம்பி கட்டுவதானால், பிஎம்எக்ஸ் றிம்முக்கு வழக்கமாக 36 ஓட்டை. எங்கள் பெரிய சைக்கிளுக்கு முன்னுக்கு 32, பின்னுக்கு 40. ஆகவே பழைய றலியின் ஹப்பைக் கழற்றி இதில் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். பெடலில் இன்னொரு பொறி. ஒரே துண்டாக வளைத்த கிறாங்குக்குப் பெடல் புரி அரை இஞ்சி. மற்றக் கிறாங்குகளுக்குப் பதினாறில் ஒன்பது இஞ்சி. கடைக்காரர் கொடுத்த பெடல் போகவில்லை என்று அடித்து இறுக்கினால் கிறாங்கே போய்விடும்.

ஹாண்டில் தண்டில் இன்னும் நுணுக்கம். பழைய பிஎம்எக்ஸ் ஃபோர்க் பலதுக்குள் போகும் தண்டு 21.1 மில்லிமீற்றர். பெரிய சைக்கிளுடையது 22.2. ஒரு மில்லிமீற்றர்தானே என்று அரத்தால் ராவுவார்கள். ராவிய தண்டு ஒருநாள் பள்ளத்தில் இறங்கும்போது கையோடு வரும், பல் போகும்.

2022-இல் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் எல்லாரும் சைக்கிளைத் தேடினார்கள், ரியூப் விலைகூட ஏறியது. அப்போது என் மாமரத்துக்குக் கீழே நின்ற சின்னச் சைக்கிள்கள் ஒன்றும் சும்மா நிற்கவில்லை. சாமான் பொருந்தும் சைக்கிளின் அருமை அப்போது கொஞ்சப் பேருக்கு விளங்கியது.

கிறாங்கைக் கழற்ற முடியவில்லை. பல்லைக் கடித்து இழுத்தும் அசையவில்லை.

இறுக்கிக்கொண்டு இருக்கிறீர்கள். ஒரே துண்டுக் கிறாங்கில், செயின் இல்லாத பக்கத்து நட்டு இடப்புரி. மணிக்கூட்டு முள் போகிற பக்கம் சுற்றினால் கழரும். செயின் இல்லாத பக்கத்துப் பெடலும் அப்படித்தான். நட்டும் கோனும் வந்ததும், குண்டுக் கூடுகளைப் பழந்துணியில் பிடித்துக்கொண்டு, கிறாங்கை ஒரு பாம்பு புற்றுக்குள்ளால் வெளியே வருகிற மாதிரி வளைத்து எடுங்கள். பெரிய சைக்கிளின் கிறாங்கைப் பிடித்திருக்கிற கொட்டர் பின்னோடு மல்லுக்கட்டின ஆட்களுக்கு இது விளையாட்டு.

புதுப் பெயிண்ட் அடிக்கலாமா? புத்தம் புதுசாக ஆக்க ஆசை.

என் முதல் தவறை இங்கே எழுதுகிறேன். நல்ல குரோம் பூச்சு, ஓரங்களில் மட்டும் துரு. அழகாக்குவோம் என்று ஒரு பவுடர் கோட்டிங் இடத்தில் கொடுத்தேன். எங்கே என்று கேட்க வேண்டாம். அவர்கள் எதையும் மறைக்காமல், புரி, குண்டுக் கோப்பை உட்காரும் இடம், பிறேம் இலக்கம் எல்லாவற்றின் மேலும் ஒரே சிவப்பாகத் தடவித் தந்தார்கள். கோப்பை ஏறவில்லை. இலக்கம் கண்ணுக்கே தெரியவில்லை. அடியில் இருந்த குரோமையும் மணல் அடித்து எடுத்திருந்தார்கள். மூன்று நாள் கத்தியோடு இருந்து புரியைச் சுரண்டினேன்.

அசல் பெயிண்ட் ஒரு தடவைதான். கீறலும் மங்கலும் இருந்தாலும் அசல் என்றால் அப்படியே விடுங்கள். குரோம் துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். கறுப்பாக ஒரு சாறு வரும், துடைத்தால் உள்ளே பளபளப்பு. பிறகு நல்லாகக் காயவைத்து எண்ணெய் ஒரு பூச்சு. ஏற்கெனவே யாரோ வீட்டுக் கதவு பெயிண்ட் அடித்த பிறேம் என்றால் உங்கள் விருப்பம், மயில் நீலம் அடித்தாலும் நான் கோபிக்க மாட்டேன்.

பிளாஸ்டிக் சில்லுச் சைக்கிள் ஒன்று இருக்கிறது. விளையாட்டுச் சாமானா அது?

பார்த்து எறியுங்கள். கலிபோர்னியாவின் ஸ்கைவே கம்பனி டஃப் வீல் என்ற பெயரில் ஐந்து ஆர நைலோன் சில்லு செய்தது, உறுதிக்குப் பெயர் போனது. அந்தப் பெயர் குத்தியிருந்தால் கழுவி வீட்டுக்குள் வையுங்கள். வேறு கம்பனிகளின் மலிவுப் பிரதிகளும் நிறைய வந்தன. எதுவாக இருந்தாலும் எங்கள் வெயில் நிறத்தைக் குடித்துவிடும். நெளிந்தால் கம்பிச் சில்லு மாதிரி நிமிர்த்தவும் ஏலாது.

இதில் வேலைக்குப் போய் வரலாமா?

ஐந்து கிலோமீற்றருக்குள் என்றால் தாராளமாக. கணக்குப் பார்ப்போம். முன்னுக்கு 44 பல், பின்னுக்கு 16, சில்லு இருபது இஞ்சி. ஒரு தடவை பெடல் சுற்றினால் ஏறத்தாழ நான்கே கால் மீற்றர் போகும். 44-க்கு 18 பல் போட்ட இருபத்தெட்டு இஞ்சிச் சைக்கிள் ஐந்தே கால் மீற்றருக்கு மேல் போகும். ஒரு கிலோமீற்றருக்கு இதில் 235 சுற்று அளவு, அதில் 185. ஏ9 றோட்டில் மாங்குளம் வரைக்கும் போகும் யோசனை என்றால் வேண்டாம், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும்போதே முழங்கால் வேண்டுதல் கேட்கும். ஒழுங்கை, குளக்கட்டு, வாய்க்கால் வரம்பு என்றால் இதை விட நல்லது இல்லை.

சீற்றை உயர்த்த நீளமான சீற் தண்டு போடலாம். ஆனால் தண்டில் குறித்திருக்கிற கோடு வெளியே தெரியும் அளவுக்கு இழுக்க வேண்டாம்.

மாரியில் பிறேக் பிடிக்காது என்கிறார்களே?

உண்மை. குரோம் பூசிய இரும்பு றிம் நனைந்தால், இறப்பர் கட்டை அதில் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நான் கோஸ்டர் பிறேக் உள்ளதைத்தான் எடுப்பேன். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும், மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹப்பில் இருந்து நீளும் கையைப் பிறேமோடு பட்டி போட்டு இறுக்க மறக்க வேண்டாம். மறந்தால் பிறேக் பிடிக்கிற நேரம் அந்தக் கை சுற்றிப் போய்க் கம்பிகளை வாரிக்கொண்டு போகும்.

பெண்பிள்ளைகள் ஓடலாமா?

ஏன் ஓடக் கூடாது? மேல் பார் பதிவு, ஏறி இறங்கச் சுகம். எங்கள் வீட்டில் நன்றாக ஓடுவது மருமகள்தான். 2008 பெய்ஜிங்கில் பிஎம்எக்ஸ் பந்தயம் ஒலிம்பிக்குக்குள் வந்தபோதே ஆண்கள், பெண்கள் இரண்டுக்கும் சேர்த்துத்தான் வந்தது.

தம்பி, காட்டுக் கரையில் ஒரு பழைய பிஎம்எக்ஸ் கிடக்கிறது. சண்டைக்காலத்துச் சாமான் போல. எடுத்துத் திருத்தலாமா?

புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்து வந்த ஒரு ஐயா கேட்டது இது. முதலில், சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருக்கிற பக்கம், கண்ணிவெடி அகற்றி முடியாத பக்கம் என்றால் கிட்டவே போக வேண்டாம். சைக்கிள் வேறு கிடைக்கும்.

துப்புரவாக்கிய காணி என்றால், அது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். 2009-இல் சனம் சைக்கிள்களை உருட்டிக்கொண்டே போனது. முள்ளிவாய்க்கால் வரைக்கும் உருட்டி, அங்கே விட்டுவிட்டு நடந்தது. பெரிய சைக்கிள் என்றால் ஒரு குடும்பத்தின் சாமான். சின்னச் சைக்கிள் என்றால் ஒரு பிள்ளையின் சாமான். மீளக் குடியேறிய பிறகு என்னிடம் வந்த ஒரு நீலப் பிறேமில், சீற் கிளிப்புக்குக் கீழே ஆணியால் இரண்டு எழுத்து கீறியிருந்தது. கொண்டுவந்தவர் பழைய இரும்பு வியாபாரி, நிறுத்து விற்றார். அவருக்கு எங்கே எடுத்தது என்று தெரியாது. நான் அக்கம்பக்கம், கோவில், பாடசாலை எல்லாம் சொல்லி வைத்தேன். குண்டு மாற்றி, கிறீஸ் போட்டு, ரயர் போட்டு வைத்திருக்கிறேன். அந்த இரண்டு எழுத்தின் மேல் எதுவும் பூசவில்லை.

திருத்துவதில் பிழை இல்லை. கேட்டுப் பார்த்த பிறகு திருத்துங்கள், ஐயா.

என்ன விலை கொடுக்கலாம்?

இரும்புக் கடைக்காரரிடம் என்றால் நிறைக்கு என்ன விலையோ அது, கூட ஒரு தேத்தண்ணிக் காசு. வவுனியாவில் ஜப்பான் பாவித்த சைக்கிள் இறக்குகிற இடங்களில் பேரம் பேசலாம், அங்கே சின்னச் சைக்கிள்களைப் பின்னுக்குப் போட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள். வெளிநாட்டில் இது லட்சம் போகும் என்று தொலைபேசியில் படம் காட்டுகிறவரிடம் வாங்க வேண்டாம். ஸ்டிக்கர் புதிதாக அச்சடித்தும் விற்கிறார்கள். கொழும்பில் ஒருவர் அப்படி ஒன்றை என் தலையில் கட்டினார். வீட்டுக்கு வந்து கழுவ ஸ்டிக்கர் கையோடு வந்தது, கீழே வேறு பெயர்.

பொடியன் பாய வேண்டும், வித்தை காட்ட வேண்டும் என்று நிற்கிறான். பழைய சைக்கிளில் விடலாமா?

விட வேண்டாம். நாற்பது வருஷ இரும்பு, உள்ளே எங்கே துரு என்று தெரியாது. ஹாண்டிலின் குறுக்குக் கம்பி ஒட்டின இடத்திலும், தண்டு பிடிக்கிற இடத்திலும் வெடிப்பு விழும். அலுமினியச் சாமான் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். பாய ஆசை என்றால் இந்தக் காலத்துப் பிறேம், தலைக்கவசம். பழையதில் முன்சில்லைக் கொஞ்சம் தூக்கலாம், அதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

மாமரத்துக்குக் கீழே நிற்கிறதில் எது விற்பனைக்கு?

சிவப்பு. பவுடர் கோட்டிங் சங்கதி சொன்னேனே, அதுதான், கோப்பை இப்போது சரியாக உட்காருகிறது. குரோம் பூசிய மற்றதையும் தரலாம், அதன் பின் ரியூப் மட்டும் நெருஞ்சி குத்தி மூன்று ஒட்டு. நீலம் விற்பனைக்கு இல்லை.